திருவண்ணாமலையின் நீர்க்கரைகள்: ஆற்று மணலிலிருந்து சாத்தனூர் அணை வரை

திருவண்ணாமலை மாவட்டத்தின் எல்லை எந்த இடத்திலும் கடலைத் தொடுவதில்லை. ஊருக்குப் பக்கத்துக் கடல் என்றால் புதுச்சேரிக் கடல்தான். செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் அதுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். குடும்பத்தோடு புறப்பட்டுப் போய் ஒரு பகலைத் தண்ணீர்க் கரையில் கழித்து, மணலில் வட்டமாக உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பும் வழக்கம் இந்த ஊரிலும் உண்டு. ஆனால் அது கடலைச் சாராமல் ஆற்றைச் சார்ந்து வளர்ந்தது. தெற்கே தென்பெண்ணை, வடக்கே செய்யாறு, இரண்டுக்கும் இடையே ஓடும் சிற்றாறுகள், ஊருக்குள் இருக்கும் குளங்கள் ஆகியவையே பல நூற்றாண்டுகளாக இந்த மக்களின் நீர்க்கரைகள். 1958இல் சாத்தனூரில் தென்பெண்ணையின் குறுக்கே அணை எழுந்தபின் இந்த வழக்கத்தின் இடம் மாறியது, பருவமும் மாறியது.

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. ஓசூர் அருகே தமிழகத்துக்குள் நுழைந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களைக் கடந்து, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. செய்யாறு ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கம், கலசபாக்கம் வழியாக வடகிழக்கே சென்று பாலாற்றில் சேர்கிறது. இரண்டும் பழைய பெயருள்ள ஆறுகள். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடும் நூல். அவன் நாட்டின் ஆறாகச் சேயாறு அதில் வருகிறது. தென்பெண்ணையின் நடுவே திருக்கோவிலூரில் நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்கிறார்கள். பாரியின் மகளைத் திருமணம் செய்து கொடுத்தபின் கபிலர் அங்கே தீப்புகுந்து உயிர்விட்டார் என்ற செய்தி, முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டாகவே அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கிறது. ஆற்று நடுவில் ஓர் இடத்தை நினைவிடமாகக் கொண்டு மக்கள் போய்வரும் பழக்கம் இந்தப் பக்கத்தில் எவ்வளவு பழமையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இரண்டு ஆறுகளிலும் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடாது. தென்மேற்குப் பருவமழையில் தென்பெண்ணையின் மேல்பகுதி நனைந்து ஆடி, ஆவணியில் கொஞ்சம் வரத்து இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது கரை புரளும். மார்கழியில் வெள்ளம் வடிந்து, தையில் முழங்கால் அளவுக்குத் தெளிந்த நீரும் அதன் இருபுறமும் கழுவி விட்டதுபோல் புது மணலுமாக ஆறு கிடக்கும். மாசி முடிவில் அது நூலிழையாகும். பங்குனி, சித்திரையில் மணல் மட்டுமே மிஞ்சும். வெயில் ஏறியபின் அந்த மணலில் கால் வைக்க முடியாது. எனவே ஆற்றங்கரைக்குப் போகத் தோதான மாதங்கள் தையும் மாசியும்தான். இந்தக் கணக்கை ஊர் மக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு அருணாசலேசுவரர் கோயிலின் திருவிழா நாள்களே சாட்சி.

தை முதல் நாள் பொங்கல். இரண்டாம் நாள் மாட்டுப் பொங்கல். அன்றே அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மனுக்கும் ஊடல் வரும் திருவூடல் விழா. மறுநாள் சுவாமி மலையை வலம் வருகிறார். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. அதற்காக அண்ணாமலையார் தெற்கே இருபது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மணலூர்பேட்டைக்குப் போகிறார். வழியில் உள்ள ஊர்களில் மண்டகப்படி நடக்கும். ஆற்றுக்குள் பந்தல் போட்டு, சூலத்துக்குப் பாலும் சந்தனமும் விபூதியும் கொண்டு அபிஷேகம் செய்து, குருக்கள் அதை ஏந்தியபடி தண்ணீரில் மூழ்கி எழுவார். அதுதான் தீர்த்தவாரி. அந்த நொடியில் சுற்றி நிற்கும் கூட்டமும் சேர்ந்து முழுக்குப் போடும். அன்றைக்கு மணலூர்பேட்டையில் மட்டுமல்ல, தென்பெண்ணை போகும் வழியெல்லாம் கடலூர் வரையில் சுற்றுப்பட்டு ஊர்களின் சாமிகள் ஆற்றுக்கு வந்துவிடுகின்றன. ஓரிடத்தில் கூடும் சாமிகளின் எண்ணிக்கையை வைத்தே அந்த ஆற்றுத்துறையின் பெருமையைப் பேசுவது வழக்கம்.

சாமி வந்தால் கடை வரும். ஆற்று மணலில் வளையல் கடை, பொம்மைக் கடை, பொரி, கரும்பு, பலூன், குடை ராட்டினம் எல்லாம் விடிவதற்குள் முளைத்துவிடும். ஆற்றுத் திருவிழாவுக்கென்றே ஒரு தின்பண்டம் உண்டு: சிறுவள்ளிக்கிழங்கு. விரல் பருமனில் வேர் மயிரோடு இருக்கும் இந்தக் கிழங்கை மார்கழி, தை மாதங்களில் தோண்டுவார்கள். கழுவி வேகவைத்துத் தோலை உரித்துத் தின்னலாம். வீட்டுக்கு வாங்கிப் போய் வறுவலோ குழம்போ செய்யலாம். தென்பெண்ணைக் கரை மாவட்டங்களில் ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்விட்டு இந்தக் கிழங்கு வாங்காமல் வருவது வழக்கமில்லை. பொங்கல் முடிந்து கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கும் வேளாண் குடும்பம், அறுவடைக்கு நடுவே எடுத்துக்கொண்ட ஒரு நாள் ஓய்வு இது. வண்டி கட்டி வந்தவர்கள் மாட்டை அவிழ்த்து ஆற்றில் குளிப்பாட்டினார்கள். புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் மணலில் துணி விரித்துப் பிரித்தார்கள். பிள்ளைகள் தண்ணீர் ஓரத்தில் ஊற்று தோண்டி விளையாடினார்கள். ஒரு முழம் தோண்டினால் குடிக்கத் தெளிந்த நீர் ஊறியது. வேறு ஊர்களில் கடற்கரை தரும் மகிழ்ச்சி இங்கே ஆற்று மணலில் கிடைத்தது.

அதே தை மாதத்தில் ரத சப்தமி நாளில் சுவாமி வடக்கே கலசபாக்கத்துக்குப் போகிறார். அங்கே செய்யாற்றில் தீர்த்தவாரி நடக்கிறது. கலசபாக்கத்துத் திருமாமுடீசுவரரும் ஆற்றுக்கு எழுந்தருள, இரண்டு சாமிகளும் சந்திப்பதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடுகிறது. வழியில் தனகோட்டிபுரத்தில் கோயில் நிலத்தைச் சுவாமி பார்வையிடும் வழக்கமும் உண்டு. விளைச்சலைப் பார்க்க மிராசுதார் போவதைப் போலவே அண்ணாமலையாரும் போகிறார் என்று மக்கள் எண்ணுகிறார்கள்.

மூன்றாவது நீர்க்கரைப் பயணம் துக்கத்தோடு சேர்ந்தது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவண்ணாமலையைத் தன் தலைநகரங்களில் ஒன்றாகக் கொண்டிருந்தான். 1340களின் தொடக்கத்தில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் கொல்லப்பட்டான். பிள்ளையில்லாத அவனுக்கு அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்பது கோயில் மரபு. தைப்பூசத்தன்று ஈசான்ய தீர்த்தத்தில் தீர்த்தவாரி முடிந்த நேரத்தில் மன்னன் இறந்த செய்தி சொல்லப்படும். மேளதாளம் நிறுத்தப்பட்டு சுவாமி சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார். அடுத்து வரும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்குப் போய் மன்னனுக்குத் திதி கொடுப்பார். அன்று ஆற்றங்கரையில் கூடும் மக்களில் பலர் தம் வீட்டு முன்னோருக்கும் அங்கேயே தர்ப்பணம் செய்கிறார்கள். கடலோரத்துக்கு அருகிலுள்ள கோயில்கள் மாசி மகத்துக்குச் சாமியைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன. புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் அன்றைக்கு மயிலம், தீவனூர் முதலிய ஊர்ச் சாமிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். அண்ணாமலையார் அந்த வரிசையில் சேர்வதில்லை. அவருக்கு ஆறே போதுமானதாக இருந்தது.

கோடையில் நிலைமை வேறு. சித்திரை பிறந்தால் 2,668 அடி உயர மலையின் பாறை பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் ஊருக்குள் இறக்கும். ஆறு காய்ந்துகிடக்கும். அதனால் கோடைக் குளிர்ச்சியை ஊர் தன் மதிலுக்குள்ளேயே தேடிக்கொண்டது. கோயிலில் பத்து நாள் நடக்கும் வசந்த உற்சவம் இதன் பழைய வடிவம். இரவில் சுவாமி மகிழ மரத்தைச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு சுற்றிலும் உயரத்தில் கட்டிய பாவை ஒன்று அவர்மீது பூக்களைக் கொட்டுகிறது. மகிழம்பூ உதிரும் காலமும் அதுவே. நிறைவு நாளில் அய்யங்குளத்தில் தீர்த்தவாரியும், இரவில் மன்மத தகனமும் நடக்கும். கத்திரி வெயில் நாள்களில் மூலவருக்கு மேலே பாத்திரம் கட்டிச் சொட்டுச் சொட்டாக நீர் விழும்படி தாராபிஷேகம் செய்வார்கள். சாமிக்குச் செய்த இந்த ஏற்பாடுகள் எல்லாம் வெயிலில் வாடிய ஊரின் ஏக்கத்தைக் காட்டுகின்றன. பகலில் வெளியே போய்க் குளிக்க ஆண்பிள்ளைகளுக்கு ஊர்ப்புறத்துக் கவலைக் கிணறுகள் இருந்தன. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவர்கள் பல தலைமுறை. பெண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கோடைக் குளியல் பெரும்பாலும் ஆண்களுக்கே உரியதாக இருந்ததையும் இந்த வரலாற்றில் குறித்தாக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரயில் வந்தது. விழுப்புரம்–புதுச்சேரிப் பாதை 1879இல் திறந்திருந்தது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாக வடக்கே செல்லும் மீட்டர் கேஜ் பாதை 1891இல் அமைந்ததும், விழுப்புரத்தில் வண்டி மாறினால் கடலுக்குப் போய்விடலாம் என்றானது. சென்னையில் ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் கடற்கரையை ஒட்டி உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டிருந்தார். மாலையில் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்குவது நகரத்து நாகரிகமாகப் பரவிய காலம் அது. ஆனாலும் திருவண்ணாமலையின் சாதாரணக் குடும்பத்துக்குக் கடல் ஒரே நாளில் போய்வரும் இடமாக ஆகவில்லை. வண்டி மாறுவதும் காத்திருப்பதும் சேர்ந்தால் இரவு தங்கியே ஆக வேண்டும். வணிகர்களும் அரசு ஊழியர்களும் போனார்கள், உழவர்கள் போகவில்லை. ரயில் கொண்டுபோனதைவிடக் கொண்டுவந்ததுதான் அதிகம். வெளியூர் யாத்திரிகர் கூட்டம் பெருகியது. 1896 செப்டம்பர் 1 அன்று அந்த ரயிலில் வந்து இறங்கிய வேங்கடராமன் என்ற சிறுவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி. மிச்சமிருந்த காசை அவர் வீசி எறிந்தது அய்யங்குளத்தில்.

சாத்தனூர் அணை இந்தப் பின்னணியில் வருகிறது. திருவண்ணாமலையிலிருந்து தண்டராம்பட்டு வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் போனால், சென்னகேசவ மலைகளுக்கிடையே தென்பெண்ணை ஒரு கணவாயில் நுழைகிறது. இருபுறமும் மலை நெருங்கி வருவதால் நடுவில் கொஞ்ச தூரம் சுவர் எழுப்பினாலே பெரிய நீர்ப்பரப்பைத் தேக்கலாம். (பெரம்பலூர் மாவட்டத்தில் கல்மரத்துக்குப் பெயர்போன சாத்தனூர் வேறு.) காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, ஐந்தாண்டுத் திட்டங்களின் பணத்தைக் கொண்டு தமிழகத்தில் அணைகள் அடுத்தடுத்து எழுந்தன. கீழ்பவானி, அமராவதி, கிருஷ்ணகிரி, வைகை எல்லாம் 1955க்கும் 1959க்கும் இடையில் முடிந்தவை. சாத்தனூர் 1958இல் முடிந்தது. முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். முழுநீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு இன்றைய கணக்கில் 7,321 மில்லியன் கன அடி. கட்டியபோது இதைவிடக் கூடுதலாக இருந்தது, வண்டல் படிந்து குறைந்துவிட்டது. இடது, வலது கால்வாய்கள் வழியாகத் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பகுதி வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நீர் போகிறது. திருவண்ணாமலை நகரின் குடிநீரும் இங்கிருந்துதான் வருகிறது. பிற்காலத்தில் 7.5 மெகாவாட் நீர்மின் நிலையமும் சேர்ந்தது.

பாசனத்துக்குக் கட்டிய அணையில் பூங்கா எதற்கு என்ற கேள்விக்கு விடை மைசூரில் இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் கிருஷ்ணராஜசாகர் அணையின் அடியில் திவான் மிர்சா இஸ்மாயில் அமைத்த பிருந்தாவனத் தோட்டம், அணை என்பது பார்க்கப் போகும் இடமும்கூட என்ற எண்ணத்தைத் தென்னிந்தியாவில் ஊன்றியது. 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் பூங்காவும் அவ்வழியே வந்தது. விடுதலைக்குப் பிறகு அந்த எண்ணத்துக்கு வேறொரு பொருளும் கிடைத்தது: மக்கள் வரிப்பணத்தில் மக்களுக்காகக் கட்டியதை மக்கள் வந்து பார்க்க வேண்டும். சாத்தனூரில் அணையின் கீழே ஆற்றின் கரைகளில் புல்வெளி, பூச்செடி வரிசை, சுதைச் சிற்பங்கள், நீரூற்றுகள், நீச்சல் குளம், வண்ணமீன் காட்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வெட்டவெளியும் கருவேலமும் நிறைந்த வட்டாரத்தில் திடீரென ஒரு பச்சைத் தோட்டம் என்பதால் திரைப்படக்காரர்களும் வந்தார்கள். அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றின் பாட்டுக் காட்சிகளில் இதன் படிக்கட்டுகளும் மதகுகளும் வருகின்றன. பெங்களூருக்கோ மைசூருக்கோ போக வசதியில்லாத ஊர்க்காரர்களுக்கு, திரையில் பார்த்த இடத்தில் தாமே நிற்கும் மகிழ்ச்சி பேருந்துக் கட்டணத்தில் கிடைத்தது.

அணையின் உண்மையான வரலாற்று விளைவு பூங்காவைவிடப் பெரிது. மழைக்காலத்து வெள்ளத்தைச் சுவர் கட்டிப் பிடித்து வைத்ததால், ஆறு வறண்டுபோகும் பங்குனியிலும் சித்திரையிலும் வைகாசியிலும்கூடப் பரந்த நீர்ப்பரப்பு ஒன்று இந்த வட்டாரத்தில் முதன்முதலாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்ட நாளில், வெயிலின் உச்சத்தில், தண்ணீரைப் பார்க்கப் போவது என்பது அதற்கு முன் இந்த ஊர் அறியாத ஒன்று. பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து போகக்கூடிய கோடைக்கால நீர்க்கரை அப்படித்தான் உருவானது. பொங்கல் விடுமுறையின் காணும் பொங்கலுக்குச் சென்னைக்கு மெரினா என்றால், திருவண்ணாமலைக்குச் சாத்தனூர் என்ற நிலையும் வந்தது. அன்று தண்டராம்பட்டுச் சாலையில் வேனும் ஷேர் ஆட்டோவும் இருசக்கர வண்டியும் வரிசை கட்டி ஊரும். ஆடிப்பெருக்குக்கும் அதே கூட்டம்.

அந்தக் கூட்டத்தை இழுப்பதில் முதலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தென்பெண்ணையில் நன்னீர் முதலைகள் பழங்காலம் முதலே வாழ்ந்தவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின், தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிப்போன முதலைகளைப் பெருக்க 1975இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் வனத்துறை அமராவதியையும் சாத்தனூரையும் அதற்கு எடுத்துக்கொண்டது. காரணம் எளியது: இரண்டு நீர்த்தேக்கங்களிலும் காட்டு முதலைகள் இருந்தன, கரையில் முட்டைகள் கிடைத்தன. பெண் முதலை மாசி, பங்குனி வாக்கில் தண்ணீருக்குச் சற்றுத் தள்ளி மணற்பாங்கான மேட்டில் முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து, இருபது முப்பது முட்டைகளை இட்டு மூடும். இரண்டு மாதத்துக்கும் மேலான சூட்டில் அவை பொரியும். குழியின் வெப்பநிலையைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகும். அந்த முட்டைகளை எடுத்துவந்து காப்பகத்தில் பொரிக்கவைத்து வளர்த்ததுதான் சாத்தனூர் முதலைப் பண்ணையின் தொடக்கம். தொட்டியோரத்துக் கம்பிவலையில் முகம் பதித்து, அசையாமல் வாய்பிளந்து கிடக்கும் முதலை உயிரோடு இருக்கிறதா என்று பிள்ளைகள் விவாதிக்காத கோடை விடுமுறை இந்த மாவட்டத்தில் இல்லை. நீர்த்தேக்கத்துக்குள் இறங்கிக் குளிக்கத் தடை இருப்பதற்கும் இந்த முதலைகள் ஒரு காரணம். கரை இருக்கிறது, அலையில் கால் நனைக்க முடியாது. இந்த ஒன்றில் சாத்தனூர் கடற்கரைக்கு ஈடாகவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே நீச்சல் குளம்.

இன்னொரு இழுப்பு மீன். நீர்த்தேக்கத்தில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கிறார்கள். ஜிலேபிக் கெண்டை தானாகவே பெருகியது. மீன்பிடிப்பைத் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் நிர்வகித்து வருகிறது. இங்கே படகைவிடப் பரிசலுக்குத்தான் வேலை அதிகம். மாலையில் பரிசலில் போய்ச் செவுள் வலையைக் கட்டிவிட்டு, விடியற்காலையில் இழுத்து மீனைக் கரை சேர்ப்பார்கள். அணை வாசலுக்கு வெளியே வரிசையாக நிற்கும் மீன் வறுவல் கடைகளில் அந்த மீன் முற்பகலிலேயே கல்லுக்கு வந்துவிடும். கீறல் போட்ட துண்டங்களில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது கலந்து பூசி, தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். வந்தவர் விரலால் காட்டும் துண்டத்தைக் கடைக்காரம்மா எடுத்துக் காயும் எண்ணெயில் போடுவார். முள் அதிகமுள்ள சிறு மீன் மலிவு, வயிற்றுத் துண்டம் விலை கூடுதல். ஆற்றுத் திருவிழாவுக்குச் சிறுவள்ளிக்கிழங்கு எப்படியோ அப்படிச் சாத்தனூருக்கு இந்த வறுவல். சைவ விரதத்தோடு ஆற்றுக்குப் போன அதே ஊர், அணைக்கு மீன் தின்னப் போகிறது. நீர்க்கரைப் பயணம் கோயில் நாள்காட்டியிலிருந்து விடுபட்டுப் பொழுதுபோக்காக ஆனதை இந்த உணவு மாற்றம் தெளிவாகவே காட்டுகிறது.

1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அடுத்த பத்தாண்டுகளில் பௌர்ணமி கிரிவலத்துக்கு வெளியூர்க் கூட்டம் பெருகியது. 14 கிலோமீட்டர் நடந்து முடித்தவர்கள் மறுநாள் பகலில் சாத்தனூர் போய்விட்டு ஊர் திரும்பும் வழக்கம் பரவியது. உள்ளூர்க் குடும்பங்களின் இடமாக இருந்த அணை, பெங்களூர், சென்னை வண்டிகளும் நிற்கும் இடமானது.

அணையால் பெற்றதைச் சொல்லும்போது இழந்ததையும் சொல்ல வேண்டும். சாத்தனூருக்கு மேலே கிருஷ்ணகிரி அணை, கீழே திருக்கோவிலூர் அணைக்கட்டு, அதற்கும் கீழே எல்லீஸ் சத்திரம் என்று ஆறு அங்கங்கே தடுக்கப்பட்ட பின், மணலூர்பேட்டைப் பக்கம் தையில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பது மழையை மட்டும் பொறுத்ததாக இல்லாமல் மதகையும் பொறுத்ததாகிவிட்டது. வரத்துக் குறைந்த ஆண்டுகளில் தீர்த்தவாரிக்கு மணலில் பள்ளம் தோண்டி நீர் நிரப்ப வேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் வெள்ளம் கொண்டுவந்து போட்ட புது மணலும் அணைக்குப் பின்னால் தங்கிவிட்டது. இருந்த மணலைக் கட்டட வேலைக்கு லாரி லாரியாக அள்ளிப்போனார்கள். 2003இல் அரசு மணல் குவாரிகளைத் தானே எடுத்து நடத்தத் தொடங்கிய பின்னும் தென்பெண்ணையிலும் செய்யாற்றிலும் மணல் கொள்ளை குறித்த போராட்டங்கள் ஓயவில்லை. ஒரு முழம் தோண்டினால் ஊற்று வந்த இடங்களில் பாறையும் களிமண்ணும் சீமைக் கருவேலமும் தென்படுகின்றன. கோடைக்கு ஒரு கரை கிடைத்த அதே காலத்தில், தை மாதத்துக் கரை பல இடங்களில் அழிந்தது. இரண்டும் ஒரே ஆற்றின் கணக்கில் வரவும் செலவும் ஆனவை. செலவை எழுதாமல் வரவை மட்டும் எழுதும் அணை வரலாறுகள் அரைகுறையானவை.

ஆறு முற்றிலும் கட்டுப்பட்டுவிடவில்லை என்பதை 2024 டிசம்பர் காட்டியது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் உள்நாட்டுக்குள் மெல்ல நகர்ந்தது. சாத்தனூருக்கு மேற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலை மலைச்சரிவில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீட்டை மூடியதில் குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அன்றிரவே அணைக்கு வரத்து மளமளவென்று ஏறி, டிசம்பர் 2 விடியற்காலையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட வேண்டியதாயிற்று. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் மூழ்கின. அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணையில் 16 கோடி ரூபாய்ச் செலவில் கட்டித் திறந்து மூன்று மாதமே ஆன உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. முன்னறிவிப்புப் போதுமானதாக இருந்ததா என்ற வாதம் சட்டமன்றம் வரை போனது.

சாத்தனூருக்கு வெளியேயும் புதிய நீர்க்கரைகள் சேர்ந்துள்ளன. செங்கத்துக்கு மேற்கே செய்யாற்றின் குறுக்கே குப்பநத்தம் அணையும், படவேட்டுக்கு அருகில் கமண்டல நாகநதியின் குறுக்கே செண்பகத்தோப்பு அணையும் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பயன்பாட்டுக்கு வந்தவை. மழை நன்றாகப் பெய்து இவை நிரம்பும் ஆண்டுகளில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறார்கள். பூங்கா இல்லை, கடைகளும் குறைவு. சோற்றுப் பொட்டலத்தை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை ஒட்டிய கோலப்பன் ஏரியும் பீமன் அருவியும் கோடை விழாவையொட்டி வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகமாயின. அருவியில் நீர் விழுவது மழைக்குப் பிந்தைய சில மாதங்கள் மட்டுமே என்பதால், கத்திரி வெயிலில் தண்ணீரை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏரியோடு நின்றுகொள்ள வேண்டியதுதான். ஏப்ரல் முதல் பள்ளி திறக்கும் ஜூன் வரை மாவட்டத்தின் பெருங்கூட்டம் இன்றும் சாத்தனூருக்கே போகிறது.